முத்தியால்பேட்டையில் ஒரு மேரி கட்டடம்

அந்த வருடம் அலெக்சாண்டர் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மாட்டுத் தொழுவம் கட்டவில்லை. நகராட்சி மன்றம் கட்டினார்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் கடலைப் பார்த்து நிற்கிறதே, அந்த மன்றம். பிரெஞ்சுக்காரர்கள் நூற்றைம்பது வருடத்துக்கு முன் கட்டியது. அவர்கள் மொழியில் நகராட்சி மன்றத்துக்கு 'மேரி' என்று பெயர். அவர்கள் கப்பலேறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஊர் வாயில் அது இன்னும் மேரி கட்டடம்தான். 2014-ஆம் வருட மழைக்காலத்தில் அது இடிந்து விழுந்தது. பிறகு அதே இடத்தில், அதே முகத்தோடு, மறுபடி கட்டித் திறந்தார்கள். அலெக்சாண்டர் செய்தது புதியதை அல்ல. விழுந்ததை.

முத்தியால்பேட்டையில் அவர் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார். முதுகுவலி வந்து கடையை விட்ட பிறகும் மரச்சட்டத் துண்டுகளும் ஆணிகளும் பசை டப்பாக்களும் வீட்டு மாடியில் மூட்டையாகக் கிடந்தன. அவர்கள் பங்கில், அதாவது அவர்கள் மாதா கோயிலுக்கு உட்பட்ட பகுதியில், தெருவுக்குத் தெரு குடில் போட்டி உண்டு. மற்றவர்கள் பழுப்புத் தாளைக் கசக்கி மலை செய்வார்கள், கேழ்வரகை முளைக்கவிட்டுப் புல்வெளி செய்வார்கள், நடுவில் வைக்கோல் வேய்ந்த தொழுவத்தை வைப்பார்கள். அலெக்சாண்டரும் முப்பது வருடமாக அதையே செய்து அலுத்துப் போயிருந்தார்.

இந்த முறை அவர் சொன்ன நியாயம் எளிமையானது. எல்லாரும் சொந்த ஊருக்குப் போய்ப் பெயர் பதிய வேண்டும் என்று ரோமாபுரி அரசன் உத்தரவு போட்டதால்தான் சூசையப்பரும் நிறைமாத மரியாளும் பெத்லகேமுக்குப் போனார்கள். குடில் வைக்கிறவர்கள் தொழுவத்தை வைக்கிறார்கள். எந்த வேலைக்காக அவ்வளவு தூரம் போனார்களோ அந்த அலுவலகத்தை ஒருவரும் வைப்பதில்லை. புதுச்சேரியில் பெயர் பதிகிற இடம் என்றால் மேரிதான். பிறப்பு, கல்யாணம், இறப்பு மூன்றையும் ஊர் அங்கேதான் எழுதி வைத்தது. ஆகவே சூசையப்பர் கழுதையைக் கடற்கரைச் சாலையில் நிறுத்திவிட்டு மேரியின் படியேறட்டும் என்று அவர் தீர்மானித்தார்.

தொழுவம் எங்கே என்று மனைவி ரோசா கேட்டாள். பின்னாடி என்றார்.

நவம்பர் கடைசியில் கூடத்து நாற்காலிகள் வெளியேறின. ஒட்டுப்பலகையில் அடித்தளம் போட்டு, கீழ்த்தளத்துக்கு வளைவு வளைவாக அறுத்து நிறுத்தினார். மாடியின் தூண் வரிசைக்கு மின்வேலைக்கு வாங்கும் பிளாஸ்டிக் குழாயை வெட்டி, தலைக்கும் காலுக்கும் மரவளையம் கோத்தார். மேல்விளிம்புக்குக் கல்யாணப் படங்களுக்குப் போடுகிற பூவேலைச் சட்டத்தையே கவிழ்த்து ஒட்டி வெள்ளையடித்தார். சாய்பலகை ஜன்னல்களுக்கு ஐஸ்கிரீம் குச்சிகள். முகப்பு மட்டும் போதும், முன்னால்தானே எல்லாரும் நிற்பார்கள் என்று ரோசா சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. உள்ளே மாடிப்படி ஏறுகிற இடம், மேலே கல்யாணம் நடக்கும் பெரிய கூடம் எல்லாவற்றையும் வைத்தார். அந்தக் கூடத்துக்குப் பழைய ஆட்கள் சொல்லும் பெயர் 'சால்'. தன் பெண் பிறந்ததைப் பதியவும், பிறகு அவள் பள்ளிக்கூடத்துக்குச் சான்றிதழ் வாங்கவும் அவர் அந்தக் கட்டடத்துக்குள் போயிருக்கிறார். கிளார்க்குக்காகக் காத்திருந்த நேரமெல்லாம் அண்ணாந்து கூரையைப் பார்த்தபடி நின்றவர். அதனால் கூரையிலும் ஏமாற்றவில்லை. மர உத்தரங்கள், அவற்றின் மேல் குறுக்குச் சட்டங்கள், அதன் மேல் செங்கலை நிற்க வைத்துச் சுண்ணாம்பு பூசிய மெட்ராஸ் டெரஸ். கார்க்கை வெட்டித்தான் செங்கல்.

"இந்தக் கூரைய யாருங்க தூக்கிப் பாக்கப் போறாங்க?" என்றாள் ரோசா.

"பாக்கறதுக்கு இல்ல. இருக்கறதுக்கு."

புதிய கட்டடத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் அவர் முகம் கடுகடுக்கும். வளைவு சரி, தூண் சரி, அளவும் சரிதான் என்பார். ஆனால் உள்ளே கம்பியும் காங்கிரீட்டும். முகம் மட்டும் அப்பன் மாதிரி இருந்தால் அப்பனாகிவிடுமா என்று கேட்பார். மாலையில் கடற்கரையில் நடக்கும்போது அந்த இடம் வந்ததும் கடல் பக்கம் திரும்பிக்கொள்வார். திறந்ததிலிருந்து ஒரு நாளும் அதை நேராகப் பார்த்ததில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் வீட்டில் வேறொரு வேலை பாதியில் நின்றிருந்தது. ரூபியின் கல்யாணம்.

ரூபி அவர்களுடைய ஒரே பெண். வயது முப்பத்தொன்று. பிரெஞ்சுத் தெருக்கள் இருக்கும் பக்கத்தில் ஒரு விடுதியின் வரவேற்பில் வேலை. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனி ஒன்றின் மேற்பார்வையாளராக இருக்கும் கலைச்செல்வனை அவள் கட்டிக்கொள்ள விரும்பினாள். அவன் அப்பா பஞ்சநாதனுக்குச் சொந்தப் படகு. அம்மா அங்கம்மாள் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவள். இந்துக் குடும்பம்.

மாப்பிள்ளை மீனவர் வீட்டுப் பிள்ளை என்பதில் அலெக்சாண்டருக்கு ஆட்சேபம் இல்லை. ஞானஸ்நானம் எடுக்கட்டும், கோயிலில் தாலி கட்டட்டும் என்றார். கலைச்செல்வன் ஞானஸ்நானத்துக்கு ஒப்பவில்லை. ஞானஸ்நானம் இல்லாமலே கோயிலில் கல்யாணம் செய்து வைக்கவும் மேற்றிராணியாரிடம், அதாவது பிஷப்பிடம், அனுமதி வாங்கலாம் என்று பங்குக் குரு சொன்னார். அது அரைக் கல்யாணம் என்று அலெக்சாண்டர் மறுத்துவிட்டார். கடைசியில் பிள்ளைகள் இருவரும் பதிவுத் திருமணத்துக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள். கொடுத்த தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சாட்சிகள் மூன்று பேர். கலைச்செல்வனின் நண்பர்கள் இரண்டு பேர் தயார். மூன்றாவது இடத்தை ரூபி யாருக்கும் தரவில்லை.

"அது உங்க எடம், பப்பா" என்று சொல்லியிருந்தாள். "நீங்க வராம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"கோயில்ல நடக்காதது கல்யாணமே இல்ல. கல்யாணமே இல்லாததுக்கு நான் எப்படி சாட்சி சொல்றது?"

அதோடு பேச்சு முடிந்தது. ரூபி அழவில்லை, கத்தவில்லை, வீட்டை விட்டுப் போகவும் இல்லை. மாலை வேலையிலிருந்து வந்ததும் அப்பாவுக்குக் குழாய் அறுத்துக் கொடுத்தாள். அவர் 'பிடி' என்றால் பிடித்தாள். பிப்ரவரி நடுவில் கெடு முடிகிறது என்பது இருவருக்கும் தெரியும். 

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை குடில் திறந்தது. கூடத்தை அடைத்துக்கொண்டு வெள்ளை மாளிகை நின்றது. முன்னால் உப்புத்தாளில் கடற்கரைச் சாலை, நீலக் கண்ணாடியில் கடல். முதல் படியில் சூசையப்பர், இரண்டடி பின்னால் மாதா, கீழே கழுதை. மாடிக் கூடத்தில் ஒரு மேஜை, அதன் பின்னால் மூன்று ராஜாக்களில் ஒருவரை உட்கார வைத்து, தோளில் நீலம் வெள்ளை சிவப்பு நாடாவைப் போட்டு நகரத் தலைவர் ஆக்கியிருந்தார் அலெக்சாண்டர். குழந்தையைப் பார்க்க வருகிற ஜனவரி ஆறு வரைக்கும் ராஜா சும்மாதானே இருக்கிறார் என்பது அவர் கணக்கு. தொழுவம் கட்டடத்தின் பின்பக்கம், சுவரோரம். பார்க்க வேண்டுமானால் குனிந்து எட்டிப் பார்க்க வேண்டும்.

நடுவர் குழுவோடு உதவிப் பங்குக் குரு ஃபாதர் அருள்பிரகாஷ் வந்தார். இளைஞர். முகப்பைப் பார்த்து அசந்து போனார். மாடிக் கூடத்தைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடுகிறவர் போலக் குனிந்து நிமிர்ந்தார்.

"குழந்தை இயேசு எங்கங்க?"

"சத்திரத்துல எடம் இல்லன்னு பின்னாடி போயிட்டாங்க, ஃபாதர். சுவிசேஷத்துல உள்ளபடிதான் வச்சிருக்கேன்."

ஃபாதர் குறித்துக்கொண்டார். முதல் பரிசு மோட்டார் வைத்து அருவி ஓடவிட்ட பக்கத்துத் தெருவுக்குப் போனது. அலெக்சாண்டருக்கு ஆறுதல் பரிசாக ஒரு சுவர்க் கடிகாரம். அவர் அதை அட்டைப் பெட்டியை விட்டு வெளியில் எடுக்கவில்லை.

ஆனால் கூட்டம் என்னவோ அவர் வீட்டுக்குத்தான் வந்தது. கிறிஸ்துமஸிலிருந்து மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் முத்தியால்பேட்டையில் குடில் பார்க்க எல்லா மதத்தாரும் வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். வந்தவர்களுக்கு ரோசா கேக்கும் கல்கல் பலகாரமும் கொடுத்தாள். அலெக்சாண்டர் கதை கொடுத்தார்.

கதை எப்போதும் ஒன்றுதான். அவருடைய அப்பா சவரிநாதரும் அம்மா தெரேசம்மாளும் கல்யாணம் செய்துகொண்ட கதை. பிரெஞ்சுக்காரர் புறப்படுவதற்குச் சற்று முந்தின காலம். சவரிநாதரின் குடும்பம், சொந்த வழக்கத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்குக் கட்டுப்படுவதாக எழுதிக் கொடுத்த குடும்பம். அந்தச் சட்டத்தில் கோயிலுக்கு முன்னால் மேரி. மேரியில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சாமியார் கையைத் தொட்டுச் சேர்த்து வைக்கலாம். அப்படி நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் இந்தப் படியில் ஏறி, இந்தச் சாலில் நின்று, நாடா போட்ட மனிதர் சட்டத்தைப் படிக்கக் கேட்டு, தலையாட்டி, கையெழுத்துப் போட்டார்கள். திங்கட்கிழமை கோயிலில் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை புயல் வந்துவிட்டது.

பெரிய பெயர் வாங்கிய புயல் அல்ல. ஆனால் கோயில் கூரையில் ஓடுகள் போயின. பந்தல் போயிற்று. சமைக்க வாங்கிய விறகு நனைந்தது. ஓடு மாற்றி முடிப்பதற்குள் திருவருகைக் காலம் வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தின அந்த வாரங்களில் அப்போதெல்லாம் கோயிலில் கல்யாணம் நடத்த மாட்டார்கள். ஆகக் கோயில் கல்யாணம் ஜனவரியில்தான் நடந்தது. அது வரைக்கும் என்ன செய்தார்கள்? இந்த இடத்தில் அலெக்சாண்டர் நிறுத்துவார். கேட்கிறவர்கள் கேட்க வேண்டும். கேட்டதும், குடித்தனம் செய்தார்கள் என்று சொல்லிச் சிரிப்பார். சட்டம் சேர்த்து வைத்தாயிற்று, பெண்ணுக்கு அவள் வீட்டில் என்ன வேலை என்று சவரிநாதரின் அப்பாவே வண்டி வைத்து மருமகளை அழைத்து வந்துவிட்டாராம். தெரு முழுக்க அவளை மதாம் என்று கூப்பிட்டதாம்.

ரூபிக்கு இந்தக் கதை பிறந்ததிலிருந்து தெரியும். கேக் தட்டை நீட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

புத்தாண்டுக்கு மறுநாள் மாலை பத்துப் பேர் சேர்ந்தாற்போல் வந்தார்கள். தெருவில் உள்ளவர்கள் பாதி, தெரியாதவர்கள் பாதி. கடைசியாக வாசலில் செருப்பை விட்டு ஏறியவளைப் பார்த்ததும் ரூபி நீட்டிய தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அங்கம்மாள். விறைப்பான சுங்குடிப் புடவை, கொண்டையில் கனகாம்பரம், கையில் ஒரு மெழுகுவர்த்திப் பொட்டலம். குடில் பார்க்கப் போனால் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள் போலும். கலைச்செல்வனின் வீட்டார் யாரையும் அலெக்சாண்டர் பார்த்ததில்லை, பார்க்க மறுத்திருந்தார். அதனால் அவருக்கு அவள் குடில் பார்க்க வந்த இன்னொரு அம்மாள். ரோசா ஒன்றும் கேட்காமல் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வைத்திருந்த ஒரே நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டாள்.

அங்கம்மாள் உட்காரவில்லை. கட்டடத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள்.

"இது பீச்சாண்ட இருக்கிறது தானே?"

"இருந்தது" என்றார் அலெக்சாண்டர். "இது பழசு. இப்ப நிக்கறது வேற."

அவள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. தன் வீட்டுக்காரர் முப்பது வருடமாகக் கடலுக்குப் போகிறவர் என்றாள். கரைக்குத் திரும்பும்போது அந்த வெள்ளை முகப்பும் பின்னால் மாதா கோயில் கோபுரமும் எப்படிச் சேர்ந்து தெரிகிறது என்று பார்த்துத்தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று அந்தக் காலத்தில் கண்டுகொள்வாராம். விழுந்த பிறகு சில வருடம் அந்த இடம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்ததாம். இப்போது பழையபடி ஆகிவிட்டதாம்.

"கடல்லேர்ந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதான், அண்ணே. படகுக்கு எது காங்கிரீட்டு, எது சுண்ணாம்புன்னு தெரியுமா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அலெக்சாண்டருக்கு அது பிடிக்கவில்லை. பேச்சை மாற்றுவதற்காகத் தன் கதையை எடுத்தார். சனிக்கிழமை, படி, சால், நாடா, கையெழுத்து, ஞாயிற்றுக்கிழமை புயல், பறந்த ஓடு. வழக்கமான இடத்தில் நிறுத்தினார்.

"அப்ப ஜனவரி வரைக்கும் அவங்க புருசன் பொண்டாட்டியா இல்லியா?" என்று அங்கம்மாள் கேட்டாள்.

இப்படி நேராக யாரும் கேட்டதில்லை. ஆனாலும் அவருக்குத் தயக்கம் இல்லை.

"அதுல இன்னா சந்தேகம்? புருஷன் பொண்டாட்டிதான். சாமியாரே ஊட்டுக்கு வந்து எங்கம்மா கையால சாப்டுட்டுப் போனாரு."

"நல்லது. நீங்க மூத்தவரா?"

"ஆமா. மூத்தவன்."

"எந்த மாசம் பொறந்தீங்க, அண்ணே?"

"ஆகஸ்ட் பதினஞ்சு" என்றார் அலெக்சாண்டர், எப்போதும் சொல்கிற பெருமையோடு. "மாதா பரலோகத்துக்கு எடுத்துக்கப்பட்ட திருநாள் அன்னிக்கி. அடுத்த வருஷம்."

கூடத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் மனதுக்குள் மாதங்களை எண்ணத் தொடங்கினார்கள். எதிர்வீட்டு நிர்மலாதேவி புடவைத் தலைப்புக்குள் விரலை மடக்கினாள். கோயில் கல்யாணம் ஜனவரியில். ஜனவரியிலிருந்து எண்ணினால் ஆகஸ்ட் எந்தக் கணக்கிலும் வராது. புயலிலிருந்து எண்ணினால் சரியாக வந்தது.

ஆண்களில் முதலில் கணக்கு முடித்தவர் அலெக்சாண்டர்தான். எழுபது வயதை நெருங்கும்போது முதல் முறையாக.

"அப்ப நீங்க மேரி கட்டடத்துப் புள்ள" என்றாள் அங்கம்மாள். குரலில் கிண்டல் இல்லை. ஏலத்தில் கடைசி விலையைச் சொல்லி முடிக்கிறவள் மாதிரி சொன்னாள். பிறகு மெழுகுவர்த்தி ஒன்றை எடுத்துக் கழுதைக்குப் பக்கத்தில் ஏற்றி வைத்தாள். "நான் அங்கம்மா. கலைச்செல்வனோட அம்மா. கட்டடம் ரொம்ப நல்லா இருக்குது. வர்றேன், அண்ணே. வர்றேன், அண்ணி."

போகும்போது ரூபியின் தட்டிலிருந்து ஒரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டாள். 

கூட்டம் கலைந்த பிறகு அலெக்சாண்டர் வெகுநேரம் குடில் முன்னால் நின்றார். கட்டடத்தில் கரி படிந்துவிடும் என்று மெழுகுவர்த்தியை ஒரு சாண் தள்ளி வைத்தார். அணைக்கவில்லை.

"நீ சொல்லித்தான் வந்தாங்களா?" என்று ரோசாவைக் கேட்டார்.

குடில் பார்க்க வருகிறவர்களை வர வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

"ஆகஸ்ட் கணக்கு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்குக் கல்யாணமான வருஷமே, உங்க பொறந்த நாளன்னிக்கே அந்தக் கணக்கப் போட்டாச்சு."

"சொல்லலியே."

"நீங்க கேக்கலியே."

அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு அவர் கதை சொல்லவில்லை. கேட்டவர்களுக்குத் தூண் எதில் செய்தது, ஜன்னல் எதில் செய்தது என்று மட்டும் சொன்னார். மூன்று ராஜாக்கள் திருநாளன்று நாடாவைக் கழற்றி, நகரத் தலைவரை ஒட்டகத்தின் மேல் ஏற்றினார். மறுநாள் குடில் பிரிந்தது. மாதா, சூசையப்பர், குழந்தை எல்லாரும் பழைய துணியில் சுற்றிப் பெட்டிக்குள் போனார்கள். கட்டடம் எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்கவில்லை. கூடத்திலேயே நின்றது. நாற்காலிகள் திரும்பவும் உள்ளே வர முடியாததால் வீட்டில் மூன்று பேரும் ஜனவரி முழுக்கச் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ரூபி அவரை வற்புறுத்தவில்லை. பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு நாள் சாப்பாட்டின்போது, வருகிற திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் நேரம் வாங்கியிருப்பதாக அம்மாவிடம் சொன்னாள். அப்பா காதில் விழும்படி சொன்னாள். அவர் ரசம் கேட்டார்.

திங்கட்கிழமை காலை ரூபி எழுந்தபோது அலெக்சாண்டர் வீட்டில் இல்லை. அவருடைய சைக்கிளும் இல்லை. ரோசாவிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. தாயும் மகளும் ஆட்டோ பிடித்துப் போனார்கள். வழியில் ரோசா இரண்டு முறை போன் செய்தாள். அவர் எடுக்கவில்லை.

பதிவு அலுவலகத் தாழ்வாரத்தில் கலைச்செல்வன் வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தான். நண்பர்கள் இருவரும் வந்திருந்தார்கள். அங்கம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், பஞ்சநாதன் சுவரோரம் கைகட்டி நின்றார். அவர் வலை, வானம், டீசல் தவிர வேறெதைப் பற்றியும் அதிகம் பேசாதவர். பதினொன்று ஆயிற்று. அவர்களுக்கு அடுத்து வந்த ஜோடி உள்ளே போய்க் கல்யாணமாகி வெளியே வந்து ஆட்டோ ஏறிவிட்டது. கிளார்க் எட்டிப் பார்த்து, மூன்றாவது சாட்சி வந்தாயிற்றா, இல்லை வேறு யாராவது போடுகிறார்களா என்று கேட்டார். நண்பர்களில் ஒருவன் தன் அண்ணனைக் கூப்பிடட்டுமா என்றான்.

"வேணாம். பன்னண்டு வரைக்கும் பாக்கலாம்" என்றாள் ரூபி.

"பன்னண்டுக்கு அப்புறம்?" என்றான் கலைச்செல்வன்.

ரூபி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.  அவன் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு போய் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றான்.

அலெக்சாண்டர் வந்தபோது பன்னிரண்டுக்குக் கொஞ்சம்தான் பாக்கி. கோட்டுப் போட்டிருந்தார். வெயிலில் சைக்கிள் மிதித்ததில் கோட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. யாரையும் பார்க்காமல் ரோசாவிடம் மட்டும் பேசினார்.

"பீச்சுக்குப் போயிருந்தேன்."

"இன்னிக்கா?"

"நேரா நின்னு பாத்தேன். படி நல்லாத்தான் வச்சிருக்கான். மேல் விளிம்பும் பரவால்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கூரைதான் தெரியல" என்றார்.

உள்ளே அதிகாரி படிக்க வேண்டியதைப் படித்தார். நாடா எதுவும் போட்டிருக்கவில்லை. ரூபி கையெழுத்துப் போட்டாள், கலைச்செல்வன் போட்டான், நண்பர்கள் போட்டார்கள். கிளார்க் மூன்றாவது சாட்சியிடம் ஆதார் அட்டையை வாங்கி மேஜையில் வைத்தார். பிறந்த தேதி இருக்கிற பக்கம் மேலே இருந்தது. அங்கம்மாள் அதைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தாள். அலெக்சாண்டர், கடையில் ரசீது போட்ட காலத்தில் போட்ட பெரிய கையெழுத்தைப் போட்டார்.

வெளியே வந்ததும் எல்லாரும் கடற்கரைக்கு வர வேண்டும் என்றார். தன் அப்பாவும் அம்மாவும் மேரி முன்னால் எடுத்த படம் ஒன்று உண்டு, அதே மாதிரி ஒன்று எடுக்க வேண்டும் என்றார். போனார்கள். புதிய கட்டடத்தின் முன்னால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிறுத்தி, இரண்டு தூண்களுக்கு நடுவில் தலை வரும்படி தள்ளித் தள்ளி நிற்க வைத்தார். சுற்றுலா வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நண்பன் போனில் படம் எடுத்தான். ஒரு படத்தில் அங்கம்மாளும் ரோசாவும் சேர்ந்துகொண்டார்கள். பஞ்சநாதன் கடைசி வரை சட்டத்துக்குள் வரவில்லை.

எல்லாம் முடிந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அலெக்சாண்டர் சொன்னார்: "கோயில் கல்யாணம் நடந்தே ஆவணும். அதுல மாத்தம் இல்ல."

கலைச்செல்வன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் கையமர்த்தினார்.

"இப்ப ஒண்ணும் சொல்லாத, மாப்ள. ஞானஸ்நானமோ, மேற்றிராணியார் அனுமதியோ, ஒனக்கு எப்ப மனசு வருதோ அப்ப பாத்துக்கலாம். நான் தேதி கேக்க மாட்டேன்."

"அது வரைக்கும், பப்பா?" என்றாள் ரூபி.

அவர் கட்டடத்தைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார்.

"அது வரைக்கும் புயல்னு வச்சிக்குவோம்."

ரோசா சிரித்துவிட்டாள். அங்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். அந்தக் கதையை இன்னும் கேட்டிராத பஞ்சநாதன் மட்டும் நெற்றியில் கையை வைத்து, கிழக்கே மேகம் எதுவும் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டார்.